பல் கிளினிக்குக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிலிமில் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பழகி, ஸ்கேனரில் படிக்கும் பாஸ்பர் பிளேட்டுக்கு மாறி, கடைசியில் வாய்க்குள் வைத்துப் படத்தை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சென்சாருக்கு வந்து சேர்ந்த பல் மருத்துவர் நான். புதிதாக கிளினிக் திறப்பவர்களும் டார்க் ரூமை மூடப்போகிறவர்களும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

சென்சாரும் ஆர்.வி.ஜி.யும் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ரேடியோவிசியோகிராபி என்பதன் சுருக்கம்தான் ஆர்.வி.ஜி. பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பிரான்சிஸ் முயென் உருவாக்கி, 1987-ல் ட்ரோஃபி நிறுவனம் வெளியிட்ட முதல் கருவியின் பெயர் அது. நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல எந்த கம்பெனி சென்சாராக இருந்தாலும் ஆர்.வி.ஜி. என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

உள்ளே என்ன நடக்கிறது? பட்டனை அழுத்தியதும் படம் எப்படி வந்துவிடுகிறது?

மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிண்டிலேட்டர். எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் பொருள் இது. பெரும்பாலும் சீசியம் அயோடைடு, அல்லது கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு. சீசியம் அயோடைடு ஊசி ஊசியாக நெருக்கமாக வளரும் படிகம் என்பதால், ஒளி பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், படமும் கூர்மையாக இருக்கும். அதற்கு அடியில், நல்ல சென்சார்களில், கண்ணாடி இழைகளாலான ஒரு தட்டு. ஒளியைக் கடத்துவதோடு, சிண்டிலேட்டரைத் தாண்டி வரும் எக்ஸ்ரேயைத் தடுத்து கீழே உள்ள சிப்பையும் காப்பாற்றும். கடைசியில் அந்த சிப். மொபைல் கேமராவில் இருப்பதன் உறவுக்காரன்தான். ஒளியை மின்சாரமாக்கி, கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு எண்களாக அனுப்புகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

1896 ஜனவரியில், ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிப்பை அறிவித்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் பற்களைத் தானே படம் எடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று நாம் வைப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதைவிடக் குறைவு.

சி.சி.டி. நல்லதா, சிமாஸ் நல்லதா?

இரண்டும் மேலே சொன்ன சிப்பின் வகைகள். இந்தக் கேள்விக்கு இப்போது அவ்வளவு மதிப்பில்லை. முன்பு சி.சி.டி. படம் தெளிவு, சிமாஸ் படத்தில் இரைச்சல் (தேவையற்ற புள்ளிகள்) அதிகம் என்ற பேச்சு இருந்தது. இன்று சந்தையில் உள்ளவை பெரும்பாலும் சிமாஸ்தான், அதன் படங்களும் நன்றாகவே இருக்கின்றன. குறைந்த மின்சாரம் போதும் என்பதால் யு.எஸ்.பி. கேபிளிலிருந்தே ஓடும்.

சென்சார் வாங்குவதா, பிளேட் வாங்குவதா?

இதற்கு நேரடியாக ஒரு பதில் சொல்ல முடியாது. உங்கள் வேலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பாஸ்பர் பிளேட் பார்க்க ஃபிலிம் மாதிரியே இருக்கும். மெல்லியது, கொஞ்சம் வளையும், கேபிள் கிடையாது. குழந்தைகள், குமட்டல் அதிகமுள்ளவர்கள், அண்ணம் தாழ்ந்தவர்கள், கீழ்த்தாடையின் உட்பக்கம் எலும்பு முண்டு உள்ளவர்கள் எல்லாருக்கும் பிளேட் தொந்தரவு குறைவு. எக்ஸ்ரே பட்டதும் படம் பிளேட்டுக்குள் மறைவாகப் பதிந்திருக்கும். ஸ்கேனரில் சிவப்பு லேசர் பட்டால் நீல ஒளியாக வெளியே வரும், அதைத்தான் ஸ்கேனர் படிக்கிறது. அதற்குள் பிளேட்டை வெளிச்சத்தில் விட்டால் பதிந்தது மங்கத் தொடங்கிவிடும். எடுத்தவுடன் ஸ்கேன் செய்யாமல் டிரேயில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கும் பழக்கம் உள்ள இடங்களில், படம் ஏன் வெளுத்து வருகிறது என்று வருடக்கணக்கில் குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

பிளேட்டில் இன்னொரு சிக்கல் கீறல். பல் பட்டால் பதியும், மேலே போடும் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவிலிருந்து அவசரமாக உருவினாலும் பதியும். கீறல் விழுந்த இடம் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைக் கோடாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு பிளேட் போனால் போவது ஒரு பிளேட்தான். சென்சார் போனால் மொத்த வேலையும் நின்றுவிடும்.

சென்சாரின் பலம் வேகம். வேர் சிகிச்சையில், வேருக்குள் உள்ள கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைலை உள்ளே வைத்து, நோயாளி வாயைத் திறந்தபடியே இருக்கும்போது நீளம் பார்க்க வேண்டும். கொஞ்சம் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுத்தால் இரண்டாவது கால்வாய் பிரிந்து தெரியும். சென்சாரை நகர்த்தாமல் எக்ஸ்ரே டியூபை மட்டும் திருப்பினால் போதும். இந்த வசதிக்கு ஈடு இல்லை. ஆகவே ரூட் கனால், இம்பிளான்ட் அதிகம் செய்கிறவர்களுக்கு சென்சார். குழந்தைகள் அதிகம் வரும் கிளினிக்குக்கும், ஒரே நாளில் பல அறைகளில் படம் எடுக்கும் இடத்துக்கும் பிளேட். இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நிம்மதி.

கதிர்வீச்சு உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லும் பெரிய சதவீதம் பழைய டி வகை ஃபிலிமோடு ஒப்பிட்டது. வேகமான எஃப் வகை ஃபிலிமுக்கே டி வகையில் பாதிகூடத் தேவையில்லை. அதோடு ஒப்பிட்டால் சென்சாரின் லாபம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. ஃபிலிம் காலத்தில் ஒரு படம் தப்பினால் மறுபடி கழுவ வேண்டுமே என்ற தயக்கம் இருந்தது. அதனால் முதல் தடவையே ஒழுங்காக வைப்போம். சென்சாரில் வேரின் நுனி வெட்டுப்பட்டதா, "இன்னொன்று எடுத்துவிடலாம்" என்று கை தானாகவே பட்டனுக்குப் போகிறது. மூன்று தடவை எடுத்தால் சென்சார் மிச்சப்படுத்திய கதிர்வீச்சு அங்கேயே போய்விட்டது. ஆகவே திரும்ப எடுத்த படங்களை அழிக்காதீர்கள். ஒரு மாதம் சேர்த்துவைத்து, எதற்காகத் திரும்ப எடுத்தோம் என்று உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே பல், ஒரே தவறு, ஒரே கை என்று தெரியும்.

அப்புறம், எக்ஸ்ரே டியூபின் முன்னால் இருக்கும் கோனின் வாய். வட்டக் கோனின் விட்டம் பொதுவாக 6 முதல் 7 செ.மீ. 7 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. சென்சார் அளவுக்குப் பொருந்தும் செவ்வகக் கோலிமேட்டர் (கதிரை ஒடுக்கும் உலோகச் சட்டம்) போட்டால் அது சுமார் 15 சதுர செ.மீ.க்கு இறங்கிவிடும். நோயாளியின் கன்னத்தில் வீணாக விழும் கதிர்வீச்சில் பாதிக்கு மேல் ஒரு உலோகச் சட்டத்தால் நின்றுபோகிறது, சிதறல் குறைவதால் படமும் தெளிவாகிறது. இதைப் போட்டால் ஓரம் வெட்டுப்படும் என்று பயப்படுகிறார்கள். சென்சாரைப் பிடிக்கும் ஹோல்டரும், கோனை நேராக நிறுத்தும் வளையமும் வைத்து எடுத்தால் வெட்டுப்படாது. கையால் பிடிக்கச் சொல்லி எடுத்தால்தான் அந்தப் பிரச்சினை.

நோயாளி பயந்தால் என்ன சொல்வது?

இயற்கையிலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஆறு ஏழு மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). ஒழுங்காக எடுத்த ஒரு சிறிய பல் எக்ஸ்ரே சில மைக்ரோசீவர்ட்தான். "ஒரு நாள் சும்மா இருந்தால் படுகிற அளவுக்குள்தான்" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் தேவையில்லாத படத்துக்கு இந்தக் கணக்கைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

லெட் ஏப்ரன், தைராய்டு காலர் போட வேண்டுமா?

அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 2024-ல், கதிரைத் தடுக்க உடம்பிலும் கழுத்திலும் போடும் இவை பல் எக்ஸ்ரேக்கு வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரை செய்தது. கருவிகள் மேம்பட்டதும், கதிரைச் சரியான இடத்துக்குள் அடக்குவதே பெரிய பாதுகாப்பு என்பதும்தான் அடிப்படை. உங்கள் நாட்டுச் சட்டம் போடச் சொன்னால் போட்டே ஆக வேண்டும்.

பிராஷரில் 25 லைன் பேர் என்று போட்டிருக்கிறது. அதிகம் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மயங்க மாட்டீர்கள். ஒரு பிக்சல் 20 மைக்ரான் (1000 மைக்ரான் ஒரு மி.மீ.) என்றால், ஒரு கருப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்து 40 மைக்ரான். ஒரு மி.மீ.க்குள் அப்படி 25 ஜோடி, அதாவது 25 லைன் பேர் அடங்கும். இது காகிதக் கணக்கு. சிண்டிலேட்டரில் ஒளி கொஞ்சம் பரவும், சிப்பில் இரைச்சல் இருக்கும், நோயாளி லேசாக அசைவார். உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. பெரிதாக்காமல் பார்க்கும் கண்ணுக்கு ஒரு மி.மீ.யில் பத்து ஜோடியைப் பிரித்துப் பார்ப்பதே சிரமம்.

எண்ணை விட்டுவிட்டு இப்படிச் சோதித்துப் பாருங்கள். பிடுங்கிய கடைவாய்ப் பல் ஒன்றை மெழுகில் நிறுத்தி, 10-ம் எண் ஃபைலை நுனிவரை இறக்கிப் படம் எடுங்கள். அதன் நுனி தடிமன் 0.10 மி.மீ.தான். நுனி எங்கே முடிகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிகிறதா? பல சென்சார்களில் கடைசித் துளி கரைந்துபோயிருக்கும். அதனால்தான் நீளம் பார்க்க 15-ம் எண்ணாவது வையுங்கள் என்கிறோம். இரண்டு சென்சார்களை ஒப்பிட இதைவிட நேர்மையான பரிசோதனை இல்லை.

சென்சாரில் 1-ம் அளவா, 2-ம் அளவா?

2-ம் அளவு ஃபிலிம் 31-க்கு 41 மி.மீ. அதே எண் போட்ட சென்சாரில் படம் விழும் பரப்பு சுமார் 26-க்கு 36 மி.மீ.தான். சுற்றிலும் உறை, உள்ளே மின்னணுப் பாகங்கள் என்று ஓரங்கள் வீணாகும். ஃபிலிம் பழக்கத்தில் வைத்தால் கோரைப்பல்லின் வேர்நுனி வெட்டுப்படுவது இதனால்தான். தடிமனும் 5 மி.மீ.க்கு மேல், மூலைகள் வளையாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெரியவர்களைப் பார்க்கும் பொது கிளினிக்குக்கு நான் 2-ஐத்தான் சொல்வேன். மேல், கீழ் பற்களைக் கடித்தபடி சேர்த்து எடுக்கும் பைட்விங் படத்தில் கூடுதலாக ஒரு பல்லாவது தெரியும். முன்பல் வேர் சிகிச்சைதான் அதிகம் என்றால் 1. எதுவானாலும் டெமோவின்போது உங்கள் சொந்த வாயில் வைத்துப் பாருங்கள். மேல் ஞானப்பல் பக்கம் ஒருமுறை, கீழ் முன்பல் பக்கம் ஒருமுறை. பிராஷரில் மூலைகள் உருண்டை என்று போட்டிருக்கும். நாக்கின் அடியில் வைத்தால்தான் எவ்வளவு உருண்டை என்று தெரியும்.

நோயாளிக்கு வலிக்கிறது, குமட்டுகிறது. எப்படி வைப்பது?

பல்லை ஒட்டி வைக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். மேல் கடைவாய்ப் பல்லுக்கு சென்சாரை அண்ணத்தின் நடுக்கோட்டுப் பக்கம் தள்ளிவையுங்கள். அங்கேதான் அண்ணம் உயரமாக இருக்கிறது, சென்சார் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும். பல்லுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஹோல்டரும் நீண்ட கோனும் பார்த்துக்கொள்ளும். கீழே வைக்கும்போது முதலில் நாக்கை மெல்ல ஒதுக்கி, சென்சாரைச் சாய்வாக உள்ளே விட்டு, பிறகு நோயாளி மெதுவாகக் கடிக்கும்போது நிமிர்த்துங்கள். கடிக்கும்போது நாக்குக்கு அடியிலுள்ள வாயின் தளம் தளர்ந்து கீழே இறங்கும். வாயை முழுதாகத் திறந்திருக்கும்போது அழுத்தினால் அது இறுகிப்போய் வலிக்கத்தான் செய்யும்.

குமட்டல் உள்ளவர்களுக்கு முன்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். டியூபை முதலிலேயே ஏறத்தாழ சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசியாக சென்சாரை வையுங்கள். வாயில் அது இருக்கும் நேரம் பாதியாகக் குறையும். மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள், ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கவனம் அங்கே போய்விடும்.

என்னிடம் இருக்கும் பழைய எக்ஸ்ரே மெஷினே போதுமா?

பல சமயம் போதும். பார்க்க வேண்டியது டைமர். 0.05 நொடி, 0.08 நொடி மாதிரியான சிறிய நேரங்களை நம்பகமாகத் தருகிறதா? ஃபிலிமுக்காக வந்த பழைய மெஷின்களில் மிகக் குறைந்த நேரமே சென்சாருக்கு அதிகமாகிவிடும். படம் கருத்து, முன்பல் ஓரங்களே எரிந்துபோனதுபோல் வரும். 60 முதல் 70 கிலோவோல்ட்டில் டி.சி. மின்சாரத்தில் ஓடும் மெஷின் என்றால் சீராக இருக்கும். சென்சார் மட்டமானது என்று திருப்பி அனுப்பிய சிலரிடம் மெஷினை மாற்றிப் பார்த்தபோது அதே சென்சார் அழகாகப் படம் தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படம் பொரிபொரியாக வருகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

முதலில் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். எக்ஸ்ரே போதாவிட்டால் மணல் தூவியதுபோல் வரும், மென்பொருள் அதை வெளிச்சமாக்கிக் காட்டினாலும் உள்ளே தகவல் இருக்காது. ஒரே இடத்தில் எப்போதும் கோடோ புள்ளியோ வந்தால்தான் சென்சாரின் கோளாறு.

ஃபில்லிங்குக்கு அடியில் கருப்பாகத் தெரிகிறது. சொத்தையா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே ஒரு நல்ல பல்லைக் குடைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. மென்பொருளில் ஷார்ப் என்று ஒரு ஃபில்டர் இருக்கும். ஓரங்களைத் தூக்கிக் காட்டுவதற்காக, வெள்ளையும் சாம்பலும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையை இன்னும் வெள்ளையாகவும் பக்கத்தை இன்னும் கருப்பாகவும் ஆக்கும். உலோக ஃபில்லிங், கேப் போன்றவற்றின் ஓரத்தில் இது மெல்லிய கருப்பு நிழலாகத் தெரியும். பார்ப்பதற்கு அச்சு அசல் உள்சொத்தை.

ஒருமுறை ஒரு கேப்பின் பக்கத்தில் அப்படி ஒரு நிழலைப் பார்த்து, கழற்றி மாற்ற வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லியே விட்டேன். மறுபடி படத்தைத் திறந்தபோது ஏதோ உறுத்தியது. கேப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் அதே அகலத்தில் அந்த நிழல் இருந்தது, எலும்பைத் தொடும் இடத்தில்கூட. சொத்தை அப்படிப் பரவாது. ஃபில்டரை எடுத்துவிட்டு மூலப் படத்தைப் பார்த்தேன். நிழல் இல்லை. அன்று நோயாளியைக் கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அதிலிருந்து சொத்தை என்று முடிவு செய்யும் முன் மூலப் படத்தைப் பார்க்காமல் இருப்பதில்லை. அறை விளக்கைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் மானிட்டரில் ஆரம்பச் சொத்தை கண்ணுக்குப் படாது.

எத்தனை வருடம் உழைக்கும்?

சிப் எளிதில் போகாது. போவது கேபிள். சென்சாரின் முதுகிலிருந்து கேபிள் கிளம்பும் அந்தக் கழுத்துப் பகுதிதான் உயிர்நாடி.

எங்கள் கிளினிக்கில் முதல் சென்சார் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. படம் வரும், ஆட்டினால் நிற்கும். காரணம் பிறகுதான் தெரிந்தது. வேலை முடிந்ததும் கேபிளை மெஷின் கையில் இறுக்கிச் சுற்றிவைத்துவிட்டு, சென்சாரை அதிலேயே தொங்கவிடுவோம். ஸ்லீவைக் கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுப்போம். இரண்டும் நாங்கள் எல்லாருமே செய்தது. இப்போது சுவரில் ஒரு தாங்கி. சென்சார் அதில் உட்காரும், கேபிள் பெரிய வளையமாகத் தளர்வாகத் தொங்கும். ஸ்லீவைக் கழற்றும்போது சென்சாரின் உடலைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கைத்தான் உருவுகிறோம். நோயாளி கேபிளைக் கடிக்காதபடி கடிக்கும் கட்டைக்கு வெளியே விடுகிறோம். நாற்காலிச் சக்கரம் ஏறும் தூரத்தில் கேபிள் தரையில் கிடப்பதில்லை. இரண்டாவது சென்சார் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கேபிளை மட்டும் மாற்ற முடியுமா? முடியும் என்றால் அந்த மாடலுக்கு என் கணக்கில் பெரிய மதிப்பெண். வாரண்டியில் கேபிள் சேர்ந்திருக்கிறதா, பழுது பார்க்கும் நாட்களில் மாற்று சென்சார் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? ஆட்டோகிளேவில் போடலாமா?

சென்சாரை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போடவே கூடாது, வெப்பத்தில் செத்துப்போகும். ஹோல்டரைப் போடலாம், போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஸ்லீவ், கேபிளில் சில அங்குலம் வரை மூடும்படி. ஸ்லீவ் கிழிவதும் ஓட்டை விழுவதும் சாதாரணம், அதனால் ஸ்லீவ் போட்டோமே என்று விடாமல், கழற்றிய பின் சென்சாரைக் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும். காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று லேபிளில் போட்ட, அந்தச் சென்சார் தயாரிப்பாளர் அனுமதித்த திரவமாக இருக்கட்டும்.

மென்பொருளில் எதைக் கவனிக்க வேண்டும்?

படங்களை மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமில் வெளியே எடுக்க முடிய வேண்டும். நாளை கம்பெனி மாறினாலும் பத்து வருடப் படங்கள் உங்களோடு வர வேண்டும் அல்லவா? 20 மைக்ரான் பிக்சலில் 26-க்கு 36 மி.மீ. என்றால் 1300-க்கு 1800 பிக்சல், சுருக்காமல் ஐந்து எம்.பி.க்குள்தான். இடம் பெரிய செலவே இல்லை, ஆகவே தினமும் இரண்டு இடத்தில் பேக்கப் எடுங்கள்.

இன்னொன்று, பல சென்சார்களுக்கு அதன் சீரியல் எண்ணுக்கென்றே ஒரு கேலிபிரேஷன் ஃபைல் (படத்தைச் சரிசெய்ய உதவும் கம்ப்யூட்டர் ஃபைல்) இருக்கும். கம்ப்யூட்டர் மாற்றும்போது இதைத் தொலைத்துவிட்டுத் தவிப்பார்கள். வாங்கிய அன்றே தனியாகப் பிரதி எடுத்துவையுங்கள்.

பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மென்பொருள் உரிமம் உங்கள் பெயருக்கு மாறும், கேலிபிரேஷன் ஃபைல் கிடைக்கும், உங்கள் விண்டோஸில் ஓடும் என்ற மூன்றும் உறுதியானால் யோசிக்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

திரையை மொபைலில் போட்டோ எடுத்து ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். திரையின் கோடுகளும் விளக்கின் பளபளப்பும் சேர்ந்து, எலும்பு வரிகள் காணாமல் போகும். ஃபைலாகவே அனுப்புங்கள், நோயாளியின் பெயர் வெளியே தெரியாத பாதுகாப்பான வழியில்.

சென்சார் மெல்ல மெல்ல மங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் பார்ப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சென்சார் வந்த முதல் நாளே ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு மெழுகுக் கட்டியில் பிடுங்கிய பல் ஒன்று, பக்கத்தில் 1 மி.மீ. 1 மி.மீ.யாக உயரும் அலுமினியப் படிக்கட்டு ஒன்று. எப்போதும் அதே தூரம், அதே நேரம், அதே மின்னழுத்தம். படத்தை எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். மாதம் ஒருமுறை அதே கட்டியை அதே மாதிரி எடுத்து, முதல் படத்தை ஃபில்டர் இல்லாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் எத்தனை படிகள் தனித்தனியாகத் தெரிந்தனவோ அத்தனையும் இன்றும் தெரிய வேண்டும். இரண்டு படிகள் ஒன்றாகிப் போயிருந்தால் முதலில் டியூபைச் சந்தேகியுங்கள், பிறகு சென்சாரை.